வாசலில் நின்று வாயசைக்கமாட்டேன்

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. முடியாது என்பது என் பதில். என் கடிதங்களில் விஷயம் மூன்றாம் பக்கத்தில்தான் தொடங்கும் என்று நீ கேலி செய்வாய் அல்லவா, அதனால் இந்த முறை முதலிலேயே எழுதிவிட்டேன். மீதியை நீ நிதானமாகப் படிக்கலாம். திருச்சானூரில் உன் அறையில் தங்கியிருப்பவர்களுக்குக் காட்டினாலும் எனக்குச் சம்மதம். மறைத்து வைக்கிற காரியங்கள் செய்து எனக்கு அலுத்துவிட்டது. உன்னைப் போன்ற பிள்ளையைப் பெற்ற வேறு யாராவது இதைப் படித்தால் இன்னும் நல்லது.

நீ கேட்டிருப்பது இதுதான். வருகிற திங்கட்கிழமை சித்தூரில் உனக்கு உடல் தகுதிப் பரிசோதனை. அதில் தேறினால் சர்வே ஆபீசில் வரைபடம் நகலெடுக்கும் வேலை நிரந்தரமாகும். திருப்பதியில் தினக்கூலிக்கு வரைந்துகொண்டிருப்பது முடிவுக்கு வரும். டாக்டர் உன்னைத் திரும்பி நிற்கச் சொல்லி, முதுகுக்குப் பின்னால் தள்ளி நின்று ஊர்ப் பேர்களையும் எண்களையும் மெல்லச் சொல்வாராம். நீ அவற்றைத் திருப்பிச் சொல்ல வேண்டுமாம். போன மாதம் போய்வந்த உன் அறைத்தோழன் அந்த அறையையே படம் போட்டுக் கொடுத்திருக்கிறான். நீ நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே வாசல். கூட வந்தவர்கள் அங்கே நிற்பதை யாரும் தடுப்பதில்லை. ஐந்து வயதில் காய்ச்சலோடு உனக்கு இரண்டு காதும் போய்விட்டது என்பது அந்த டாக்டருக்குத் தெரியாது. 'நீ வாசலில் நின்று அவர் சொல்வதை உதட்டால் சொன்னால் போதும்மா, நான் பார்த்துச் சொல்லிவிடுவேன். முன்பு செய்ததுதானே' என்று எழுதியிருக்கிறாய்.

முன்பு செய்ததுதான். நான் மறுக்கவில்லை. உனக்கு ஏழு வயது. உன் நைனா பிச்சாட்டூரில் வாத்தியாராக இருந்தார், வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவார். உன்னைப் பள்ளியில் சேர்க்க நான் தனியாகத்தான் அழைத்துப் போனேன். உனக்குக் காது கேட்காது என்று நமக்கு முன்னாலேயே யாரோ போய் ஓதிவிட்டிருந்தார்கள். தலைமையாசிரியர் நாற்காலியை விட்டு எழுந்தார், உன்னைச் சுற்றிக்கொண்டு போனார், உன் முதுகுக்குப் பின்னால் நின்று, "ஒம் பேரு இன்னாடா?" என்றார். நான் உனக்கு எதிரே நின்றிருந்தேன். திட்டம் போட்டுச் செய்யவில்லை; என் உதடு தானாக அசைந்துவிட்டது. நீ பேரைச் சொன்னாய், தேவைக்கு மேல் உரக்க. "காலைல இன்னா துன்ன?" என்றார். அதையும் நான் உதட்டில் வைத்துக் காட்டினேன். "களி!" என்று நீ கத்தியதில் வராந்தாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "யம்மா, இவனுக்கா காது கேக்காது? இவன் கத்தற கத்துல எங்காது போயிடும் போலக்கீதே!" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். வருகிற வழியில் உனக்குப் பொரியுருண்டை வாங்கிக் கொடுத்தேன். ஜெயித்துவிட்டோம் என்று அன்று நினைத்தேன்.

அந்த ஜெயத்துக்கு அடி வாங்கியவன் நீ. காது கேட்கிற பிள்ளை என்று உன்னைச் சேர்த்துக்கொண்டார்கள், ஆகவே காது கேட்கிற பிள்ளையாக நீ நடந்துகொள்ள வேண்டியிருந்தது. வாத்தியார் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு கேள்வி கேட்பார், அவர் முகம் தெரியாமல் நீ பேசாமல் இருப்பாய், திமிர் என்று அடி விழும். பின்னாலிருந்து கூப்பிடுவார், நீ திரும்பமாட்டாய், அதற்கு இன்னும் இரண்டு. மூன்றாம் வகுப்பு வாத்தியார் ஒரு நாள் வீட்டுக்கே வந்தார். "பி.ஏ. படிச்ச அம்மாவோட புள்ளைன்னு கொழுப்பு ஏறிக்கீது. கூப்ட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கறான்" என்றார். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம்: சார், அவனுக்குக் கேட்காது, முதல் வரிசையில் உட்காரவைத்து அவன் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள் என்று. இருபது சொற்கள் கூட இல்லை. அதற்குப் பதிலாக, "கண்டிக்கறேன் சார்" என்றேன். நீ கதவோரத்தில் நின்று எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் சொன்னது உனக்குப் புரிந்தது. நான்தானே உனக்கு உதடு படிக்கக் கற்றுக்கொடுத்தவள்.

அந்த நாட்களில் உன் காதை நான் ஒரு கெட்ட செய்திபோல நடத்தினேன். நாளைக்குள் மாறிவிடும், மாறும்வரை யாருக்கும் சொல்ல வேண்டாம் என்பதுபோல. மூன்று தடவை மலைக்கு நடந்தே ஏறி உனக்கு முடியிறக்கினேன். மூன்றாம் தடவை வரிசையில் நெருக்கியடித்து நிற்கும்போது நீ என் முந்தானையை இழுத்து, "யம்மா, இத்தினி பேரு வாயத் தொறந்துகினு கீறாங்களே, சாமிக்குக் காது கேக்குமா?" என்று கேட்டாய். பக்கத்தில் நின்ற அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஒரு தெளிவும் வந்தது. நான்காம் தடவை நாம் போகவில்லை.

ஆனால் தெளிவு வந்துவிட்டால் தப்பு நின்றுவிடும் என்று நினைக்காதே. இனி நான் எழுதப்போவதைப் பற்றி நாம் ஒரு நாளும் பேசியதில்லை. எல்லைத் தகராறு நடந்த காலம். ஆந்திரம் தனி ராஜ்யமாகிவிட்டது. நம் ஊர் நகரி மதராஸோடு சேருமா, ஆந்திரத்தோடேயே இருக்குமா என்று காபிக் கடையில் மனிதர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். எந்தத் தெருவில் எந்தப் பாஷைக்காரர் எத்தனை பேர் என்று மனுவோடு சேர்க்க இரண்டு பக்கமும் பட்டியல் எடுத்தார்கள். நம் தமிழ்ப் பக்கத்துப் பட்டியலை எழுதியவள் நான். எதிர்வீட்டுத் தறிக்காரர் வேலாயுதம் வீடு வீடாகப் போய்க் கேட்டு வருவார். நான் மேஜையில் உட்கார்ந்து நல்ல எழுத்தில் எழுதுவேன். தாள்களுக்குக் கோடு போட்டுக் கொடுத்தவன் நீ. உனக்குப் பதினாறு வயது. அப்போதே நீ போட்ட கோடு அச்சடித்ததுபோல இருக்கும்.

நம் வீட்டு முறை வந்தபோது வேலாயுதம் தலையைச் சொறிந்தார். "அக்கா, ஒண்ணு சொன்னா கோச்சிக்கக் கூடாது. தம்பி பேர இதுல சேக்காதீங்க" என்றார். ஏன் என்றேன். "அவங்க ஆளு வந்து சரிபாப்பான். ஒம் பாஷை இன்னான்னு நேர்ல கேப்பான், தம்பி முழிக்கும். செவிட்டுப் புள்ளைக்கு ஏது பாஷைன்னுவான். ஒரு பேரு பொய்யின்னு ஆயிட்டா மொத்தத் தெருவும் பொய்யின்னு கட்சி கட்டுவான்க்கா." அவர் கெட்டவர் இல்லை. அவர் தோளில் உட்கார்ந்து நீ தேர் பார்த்திருக்கிறாய். அதனால்தான் அந்த யோசனை எனக்கு நியாயமாகப் பட்டது. நம் வீட்டில் நான், உன் நைனா, நீ, உன் தங்கை என்று நாலு பேர். மூன்று என்று எழுதினேன். அடுத்த தாளைக் கொடுக்க வந்த நீ அதைப் பார்த்துவிட்டாய். "யம்மா, நம்ம வூட்ல எத்தினி பேரு?" என்று கேட்டாய். நாலு என்றேன். "இங்க மூணு கீது" என்று விரலை வைத்தாய். "தப்பா எழுதிட்டேன், அப்பறம் திருத்தறேன்" என்றேன். நீ என் உதட்டைத் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு போய் அடுத்த தாளுக்குக் கோடு போட உட்கார்ந்தாய். நான் திருத்தவில்லை.

யாரைப் பாஷை இல்லாதவன் என்று விட்டேன் என்பதை இன்று நினைத்தால் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது. நாங்கள் மூன்று பேரும் தமிழைக் காதால் சும்மா வாங்கினோம். தொட்டிலில் படுத்துக்கொண்டே வாங்கினோம். ஐந்து வயதுக்குப் பிறகு நீ ஒவ்வொரு சொல்லையும் என் முகத்திலிருந்தும், பொட்டலம் கட்டி வந்த தாளிலிருந்தும் உழைத்து எடுத்தவன். அந்தத் தெருவில் தமிழைச் சம்பாதித்தவன் ஒருவன்தான், அவன் பேர் பட்டியலில் இல்லை. கடைசியில் நகரி ஆந்திரத்தோடேயே நின்றது. மதராஸோடு சேர்ந்திருந்தாலும் அது உன்னை விட்டுவிட்டுச் சேர்ந்ததாக இருந்திருக்கும். பள்ளியில் உன் குறையை மறைத்தேன், பட்டியலில் அதைக் காரணமாகக் காட்டினேன். குறை ஒன்றுதான், எனக்கு எது சௌகரியமோ அதற்கு அதைத் திருப்பிக்கொண்டேன். இரண்டு தடவையும் உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்கு இது முழுதாக விளங்கியது உன் நைனாவால். நீயும் அதைப் பார்த்தாய், ஆனால் எந்த அளவுக்குக் கவனித்தாய் என்று தெரியாது. இருபது வருஷம் தமிழில் பாடம் சொன்னவர். தெலுங்கு பேசுவார், சந்தையில் பேரம் பேசி ஜெயிப்பார், எழுத்து தெரியாது. தேவைப்படவில்லை. எல்லை மாறிப் பிச்சாட்டூர் ஆந்திரத்துக்குப் போனதும், புதிதாக வந்த பள்ளி அதிகாரி ஒரு தெலுங்குத் தாளைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னாராம். இவர் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். "ஏமி மாஸ்டாரு, சதவடம் ராதா?" என்று, படிக்கத் தெரியாதா என்று, பிள்ளைகள் முன்னால் கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல், "நேத்து வரிக்கும் எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு. இன்னிக்கு ஒரு தாள நீட்னான், குருடனாயிட்டேன்" என்றார். மறுநாள் அவருக்குத் தெலுங்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க நீ உன் பழைய சிலேட்டை எடுத்து வந்தாய். கடைப் பலகைகளையும் பஸ் பேர்களையும் பார்த்துப் பார்த்து நீ தெலுங்கு எழுத்தை எப்போதோ கற்றுக்கொண்டிருந்தாய், எங்களுக்குத் தெரியாது. அவர் எழுதுவதைப் பார்த்து, "நைனா, இது எழுத்தா, முறுக்கா?" என்று கேட்டாய். "நீ வாத்தியாரா, நான் வாத்தியாராடா?" என்று அவர் உன் காதைத் திருக வந்தார். "அத்தத் திருகி இன்னா புண்ணியம் நைனா" என்று நீ சொன்னதும் நாம் எல்லோரும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, உன் காதைப் பற்றி இந்த வீடு முதன்முதலாகப் பயமில்லாமல் பேசிய நாள் அதுதான்.

அவருக்கு என்ன செய்தார்கள் என்பதை நீ கவனிக்க வேண்டும். தகுதியில்லை என்று வீட்டுக்கு அனுப்பவில்லை. இரண்டு வருஷம் அவகாசம் கொடுத்தார்கள், பாடப் புத்தகம் கொடுத்தார்கள், முதல் தடவை பரீட்சையில் தவறியபோது மறுபடி எழுதச் சொன்னார்கள். ஒரு சர்க்கார் தாளை மாற்றினால் நல்ல கண் இருக்கிற மனிதனைக் குருடனாக்க முடிகிறது. அதே சர்க்கார் மனது வைத்தால் அவனுக்குப் பார்வையும் கொடுக்க முடிகிறது. அப்படியானால் உனக்கு ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டுவது அவர்களுக்கு என்ன பெரிய சிரமம்? ஆயிரம் வாத்தியார்களுக்காக ஏற்பாடு செய்தால் அது சட்டம், ஒருவனுக்காகச் செய்தால் அது தயவா? உன்னை இளப்பமாக நினைத்து நான் இதைக் கேட்கவில்லை. கோபமாகத்தான் கேட்கிறேன். நீயும் கோபமாகக் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

காது எவ்வளவு கேட்கிறது என்று டாக்டர் அளப்பதில் எனக்குச் சண்டையே இல்லை. அது அளவு. கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்று எழுதட்டும், நிஜம்தானே. அதற்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் இருக்கிறது, தகுதி என்று. சண்டை அங்கேதான். புது எல்லை வந்தபிறகு தாலுகா வரைபடங்களையெல்லாம் மறுபடி வரைகிறார்கள் என்று நீயே எழுதினாய். எங்களையெல்லாம் சட்டையைப் பிடிக்கவைத்த அந்தக் கோட்டை நாளைக்கு வரைபடத் துணியில் மையால் இழுக்கப்போகிறவன் நீ. அதற்குக் கண் வேண்டும், நடுங்காத கை வேண்டும். அந்தக் கோட்டை இழுப்பதில் காதுக்கு என்ன வேலை? ஓர் உறுப்பின் குறையை மனிதனின் குறையாக எழுதுவது அளவு இல்லை, அது வேறு காரியம். உன் தங்கையைப் பெண் பார்க்க வந்த அன்று உன் பெரியப்பா அதே காரியத்தைத்தான் செய்தார். "பெரியவன நூலு வாங்கற சாக்குல புத்தூர் அனுப்பிடு, அவங்க போனப்பறம் வரட்டும்" என்றார். "அவன் வூட்லதான் இருப்பான். பொண்ணுக்கு அண்ணன் கீறான்னு தெரிஞ்சே கட்டிக்கினு போகட்டும்" என்றேன். அந்த வீட்டார் திரும்பி வரவில்லை. அடுத்து வந்தவர்தான் இன்று உன் மைத்துனர். உனக்காகத் தலையை நிமிர்த்தி மெதுவாகப் பேசுகிறவர். எல்லாம் அப்படி நல்லபடியாகவே முடியும் என்று சொல்ல வரவில்லை. மறைத்திருந்தால் முதலில் வந்தவர்கள் கையில் அவள் சிக்கியிருப்பாள் என்று மட்டும் சொல்கிறேன்.

சரி, நான் வாசலில் நின்று வாயசைத்து, நீ தேறிவிட்டாய் என்றே வைத்துக்கொள். செவ்வாய்க்கிழமை என்ன நடக்கும்? மேலதிகாரி உன் முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிடுவார். நீ குனிந்து கோடு போட்டுக்கொண்டிருப்பாய். அவர் கையில் உனக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்ற சான்றிதழ் இருக்கும். அப்போது நீ செவிடன் இல்லை, திமிர் பிடித்தவன். மூன்றாம் வகுப்பு மறுபடி தொடங்கும், இந்தத் தடவை ஓய்வு பெறுகிற வயது வரைக்கும். அங்கே வாசலில் நான் நிற்கமாட்டேன். ஒவ்வொரு நாளும் யார் வாயைப் பார்த்துத் தப்பிப்பாய்? கண்டுபிடித்துவிட்டால், காது கேட்காதவன் என்று அனுப்பமாட்டார்கள், பொய்யன் என்று அனுப்புவார்கள். அந்தப் பேருக்கு மேல்முறையீடு கிடையாது.

'தைரியம் பேசுவது உனக்குச் சுலபம்மா, வேலை போவது எனக்குத்தானே' என்று நீ நினைப்பாய். நியாயம். டாக்டர் ஒரே கோட்டில் உன்னை அடித்துவிடலாம். அடித்துவிட்டால் திருப்பதியில் தினக்கூலிக்கே திரும்ப வேண்டும், உன்னோடு வரைந்தவர்கள் உனக்கு மேலதிகாரியாக வருவார்கள், உனக்கு வயிறு எரியும். நான் வாக்குக் கொடுக்க முடிவது ஒன்றுதான்: அடித்தால் மேலே எழுதுவோம், அதற்கும் மேலே எழுதுவோம், தமிழில், தெலுங்கில், இங்கிலீஷில். இந்த வீட்டில் மனு எழுதத் தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் முதல் வார்த்தையை நீதான் சொல்ல வேண்டும். அவர் திரும்பி நிற்கச் சொன்னால் திரும்பாதே. முகத்துக்கு முகம் பார்த்து, "எனக்குக் காது கேட்காது சார், எழுதிக் காட்டுங்க. என் வேலையப் பாத்துட்டுத் தகுதிய எழுதுங்க" என்று உன் குரலில் சொல். அந்நியர்கள் முன்னால் உன் குரலைக் காட்ட உனக்குக் கூச்சம் என்று எனக்குத் தெரியும். ஏற்ற இறக்கம் இல்லாத, சத்தமான அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல்களிலேயே நேரானது. நீ வரைந்த துணியையும் சுருட்டி எடுத்து வா, மேஜையில் விரித்து வை.

இவ்வளவுக்குப் பிறகும் நீ மறைத்துத்தான் தேற வேண்டும் என்று முடிவு செய்தால் அது உன் முடிவு. இந்த முறை நான் உன்னைக் கேட்காமல் எதுவும் செய்யப்போவதில்லை. டாக்டருக்கு ரகசியமாக எழுதிப் போடமாட்டேன், யாரிடமும் சொல்லமாட்டேன். வாயசைக்க உன் அறைத்தோழனை அழைத்துக்கொள். என் வாயை மட்டும் கேட்காதே.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். நீ எதைத் தீர்மானித்திருந்தாலும் வருவேன். வாசலில் நிற்கமாட்டேன், உள்ளே வர அனுமதி கேட்டு உன் பக்கத்தில், தோளோடு தோளாக, நீ பார்க்கிற திசையையே பார்த்துக்கொண்டு நிற்பேன். அங்கே நின்றால்தான் என் உதடு உனக்குத் தெரியாது. உன் முகம் வாடுவதைப் பார்த்தால் அது அசைந்துவிடுமோ என்று எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.